டர்ஹாம்ல குடும்பமா குடியேறப் போறீங்களா? எங்க வீடு பாக்கறது, ஊரை எப்படிச் சுத்தறது

கேட்டது இதுதான்: கணவருக்கு இங்கிலாந்து வடக்குல டர்ஹாம்ல வேலை கிடைச்சிருக்கு, ஆறு வயசு பொண்ணோட செப்டம்பர்ல போறோம், இவ்ளோ சின்ன ஊர்ல குடும்பமா இருக்க முடியுமா, அடுத்த வருஷம் அப்பா அம்மா வந்தா அவங்களுக்குப் பாக்க என்ன இருக்கு. ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன், ஏன்னா அந்த ஊர்ல குடியிருக்கறதும் சுத்திப் பாக்கறதும் ஒரே மலைமேடு, ஒரே ஆறு, ஒரே யுனிவர்சிட்டி காலண்டரை வச்சுத்தான் நடக்குது.

இருக்க முடியுமான்னா தாராளமா இருக்கலாம், எனக்கு இங்கிலாந்துல மனசுக்கு ரொம்பப் பிடிச்ச ஊர் அது. ஆனா முதல்ல ஊரோட அமைப்பு மனசுல ஏறணும். வியர்னு ஒரு ஆறு ஊருக்கு நடுவுல லாடம் மாதிரி வளைஞ்சு ஓடுது, அந்த வளைவுக்குள்ள செங்குத்தா ஒரு பாறை மேடு, மேட்டு மேல கதீட்ரல்ங்கற பெரிய தேவாலயமும் கோட்டையும். மேட்டுக்கு ஏறுற இடத்துல மார்க்கெட் பிளேஸ், அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் பழைய கல்பாலம், ஒண்ணு ஃப்ராம்வெல்கேட் பாலம், இன்னொண்ணு எல்வெட் பாலம். ஊரோட நடுப்பகுதி மொத்தமே அவ்ளோதான், நடந்தே முடிச்சிடலாம். ரோடு எவ்ளோ குறுகல்னா, மேட்டுக்குப் போற சேட்லர் ஸ்ட்ரீட்ல கார் ஓட்டறவங்ககிட்ட 2002 அக்டோபர்லயே கட்டணம் வாங்க ஆரம்பிச்சாங்க, லண்டன்ல கஞ்செஷன் சார்ஜ் வந்ததே 2003 பிப்ரவரிலதான். அதனால நடு ஊர்ல வீடு எடுத்து கார் வச்சுக்கலாம்னு கணக்குப் போடாதீங்க.

அடுத்தது காலண்டர். நகர்ல சுமார் 50 ஆயிரம் பேர்தான் இருக்காங்க, யுனிவர்சிட்டில மட்டும் 20 ஆயிரத்துக்கு மேல படிக்கறாங்க. 1832ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, 17 காலேஜ், அக்டோபர்ல பசங்க வந்து இறங்கினா ஊர் நிரம்பி வழியும், டிசம்பர் நடுவுல எல்லாரும் கிளம்பிட்டா அதே தெரு அமைதியாயிடும், மறுபடி ஜனவரி, மறுபடி ஈஸ்டர் லீவு, ஜூன் கடைசில மொத்தமா காலி. வாடகை வீட்டு மார்க்கெட்டே இதை வச்சுத்தான் ஓடுது. மாணவர்கள் அடுத்த வருஷத்து வீட்டுக்கு முந்தின அக்டோபர், நவம்பர்லயே கையெழுத்துப் போட்டுடுவாங்க, ரயில்வே வயாடக்ட், அதாவது ரயில் போற உயரமான பாலத்துக்கு அடியில இருக்கற தெருக்கள், க்ளேபாத், கில்ஸ்கேட்டோட ஊர்ப்பக்கம், எல்வெட்ல சில தெருக்கள் இதெல்லாம் வரிசையா மாணவர் வீடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டமா பேசிட்டுப் போவாங்க, ஜூலைல தெரு முழுக்க பழைய மெத்தையும் குப்பை மூட்டையுமா கிடக்கும். சின்னப் பொண்ணோட போற உங்களுக்கு அது சரிப்படாது.

குடும்பம்னா ஃப்ராம்வெல்கேட் மூர், நியூட்டன் ஹால், பெல்மான்ட், கார்வில், நெவில்ஸ் கிராஸ் பக்கம் பாருங்க. நெவில்ஸ் கிராஸ் நடக்கற தூரம், அதனால வாடகை கொஞ்சம் அதிகம். 1346ல ஸ்காட்லாந்து ராஜா ரெண்டாம் டேவிட் தோத்துப் பிடிபட்ட போர்க்களம் அது, இப்ப மேல வீடுகளும் ஸ்கூலும். இன்னும் குறைஞ்ச வாடகைக்கு வேணும்னா லாங்லி மூர், மெடோஃபீல்ட், பிராண்டன், அஷா மூர், பௌபர்ன் போகலாம், பழைய சுரங்க கிராமங்க, பஸ் இருக்கு, அக்கம்பக்கம் நல்லா பேசுவாங்க. ஆனா கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். கார் இல்லாம ஆரம்பிக்கறவங்களுக்கு என் முதல் சாய்ஸ் ஃப்ராம்வெல்கேட் மூர்தான், ஏன்னா நடு ஊருக்கு பஸ் அடிக்கடி வரும், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல, பெரிய கடைங்க இருக்கற ஆர்னிசன் சென்டரும் பக்கத்துல.

வீடு பாக்கும்போது அழகான பழைய செங்கல் வீடுன்னு மயங்கிடாதீங்க. விக்டோரியா காலத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையாக் கட்டின டெரஸ் வீடுங்கள்ல சுவரு குளிரும், ஈரம் ஏறும், நம்ம ஆளுங்க குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடிட்டு குக்கர் வச்சு சாம்பார் கொதிக்க விடுவோம், அந்த ஆவி மொத்தமும் போய் குளிர்ந்த சுவர்ல உக்காந்து ரெண்டே மாசத்துல மூலைல கறுப்புப் பூஞ்சை வந்துடும். கிச்சன்ல காத்தை வெளில தள்ற ஃபேன் இருக்கா, பாத்ரூம்ல ஜன்னல் இருக்கா, ஜன்னல்ல டபுள் கிளேஸிங்னு ரெட்டைக் கண்ணாடி இருக்கா, வீட்டைச் சூடாக்கற பாய்லரை எப்ப சர்வீஸ் பண்ணினாங்கன்னு கேளுங்க. வீடு எவ்ளோ எரிசக்தி இழுக்கும்னு கிரேடு போடற ஈபிசின்னு ஒரு சர்டிஃபிகேட் கட்டாயம் காட்டணும், வாடகை வீட்டுக்குக் குறைஞ்சது ஈ கிரேடு இருக்கணும்ங்கறது சட்டம், ஆனா நீங்க சி இருக்கற வீடாத் தேடுங்க, வாடகை கொஞ்சம் கூடினாலும் கேஸ் பில்லுல திரும்ப வந்துடும். டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, வாங்கின 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச ஸ்கீம்ல போட்டு உங்களுக்கு விவரம் தரணும், தரலைன்னா விடாம கேளுங்க. உள்ள போன அன்னிக்கே ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்து ஏஜென்டுக்கு ஈமெயில் பண்ணிடுங்க.

பொண்ணு ஸ்கூல் பத்தி. ஆகஸ்ட் 31க்குள்ள ஆறு வயசு முடிஞ்சிருந்தா இயர் 2ல சேப்பாங்க. அட்மிஷன் டர்ஹாம் கவுன்ட்டி கவுன்சில் வழியா, இன்-இயர் அட்மிஷன்னு, அதாவது வழக்கமான சேர்க்கை நேரம் தாண்டி சேக்கறதுன்னு கேளுங்க, அரசுப் பள்ளிக்கு ஃபீஸ் கிடையாது, ரிசெப்ஷன்ங்கற ஆரம்ப வகுப்புலேர்ந்து இயர் 2 வரைக்கும் மத்தியான சாப்பாடும் எல்லாப் பிள்ளைங்களுக்கும் இலவசம், வெஜிடேரியன்னு எழுதிக் குடுத்தா தனியாத் தருவாங்க. நல்ல ஸ்கூல்னு பேர் எடுத்த இடத்துல எல்லா வகுப்புலயும் சீட் இருக்காது, அதனால வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்து ஸ்கூலுக்கு போன் பண்ணி அந்த வகுப்புல இடம் இருக்கான்னு கேட்டுடுங்க, தயங்காமச் சொல்லுவாங்க.

வானிலைன்னு எடுத்தா எல்லாரும் மழைன்னுதான் பயமுறுத்துவாங்க. உண்மைல டர்ஹாம் இங்கிலாந்தோட கிழக்குப் பக்கம், வருஷ மழை 650லேர்ந்து 700 மில்லிமீட்டர், சென்னைல பெய்யறதுல பாதிதான். அங்க யுனிவர்சிட்டியோட வானிலை ஆய்வகம் 1840கள்லேர்ந்து குறிப்பு எழுதி வச்சிருக்கு, அதனால இது சும்மா சொல்ற கணக்கு இல்ல. ஆனா அந்தக் கொஞ்ச மழையும் சாரலா வருஷம் முழுக்கப் பரவிப் பெய்யும், குடையைக் காத்து தூக்கிட்டுப் போயிடும், நல்ல ரெயின்கோட்டுதான் வேணும். நிஜமா கஷ்டப்படுத்தறது வெளிச்சம். டிசம்பர் நடுவுல சூரியன் காலைல எட்டரை வாக்குல வந்து சாயங்காலம் நாலு அடிக்கறதுக்குள்ள மறைஞ்சிடும், வேலைக்குப் போற கணவர் வாரநாள்ல வெயிலையே பாக்க மாட்டார். வீட்ல இருக்கற உங்களுக்குத்தான் இது இன்னும் கனம், அதனால தினம் மத்தியானம் ஒரு தடவையாவது வெளில நடந்துட்டு வாங்க, விட்டமின் டி மாத்திரை எடுத்துக்கோங்க, நம்ம தோல் நிறத்துக்கு வருஷம் முழுக்க தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கறதை யோசிக்கச் சொல்லி அங்கத்து அரசு மருத்துவ அமைப்பான என்ஹெச்எஸ்ஸே சொல்லுது. ஜூன்ல இதுக்கு நேரெதிர், ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பொண்ணு தூங்கவே மாட்டா, தடியான பிளாக்அவுட் கர்ட்டன் வாங்கிடுங்க.

சாமானுக்கு ஊருக்குள்ளயே டெஸ்கோ, ஆல்டி எல்லாம் இருக்கு, தினசரி சமையலுக்குப் பிரச்சனை இல்ல. கறிவேப்பிலை, இட்லி அரிசி, முருங்கைக்காய்னு போனா நியூகாசில்தான், ரயில்ல கால் மணி நேரம், அங்க வெஸ்ட் ரோடு பக்கம் தெற்காசியக் கடைங்க இருக்கு, இந்துக் கோயிலும் அதே ரோட்ல. மாசம் ஒரு தடவை கோயிலுக்குப் போயிட்டு அப்படியே சாமான் வாங்கிட்டு வர்ற பழக்கம் வச்சுக்கலாம், நாலு தமிழ்க் குடும்பம் பழக்கமாறதுக்கும் அதுதான் வழி. இந்திய லைசென்ஸ் வச்சு குடியேறின நாள்லேர்ந்து 12 மாசம் கார் ஓட்டலாம், அதுக்கப்புறம் அந்த ஊர் லைசென்ஸ் கட்டாயம், டெஸ்ட் தேதி சீக்கிரம் கிடைக்காது, அதனால போன உடனே ப்ரொவிஷனல்னு சொல்ற பழகுநர் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணிடுங்க. ஜிபின்னு சொல்ற ஏரியா டாக்டர் கிளினிக்ல பேர் பதியறதையும் காய்ச்சல் வர்ற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

சரி, அப்பா அம்மா வர்றது. லண்டன் வழியா அலைய விடாதீங்க. சென்னைலேர்ந்து துபாய், துபாய்லேர்ந்து நேரா நியூகாசில்னு எமிரேட்ஸ் வருது, இறங்கினா மெட்ரோல அரை மணி நேரத்துல நியூகாசில் சென்ட்ரல், அங்கேர்ந்து டர்ஹாம் ரயில். ஒருவேளை லண்டன்ல இறங்கினா கிங்ஸ் கிராஸ்லேர்ந்து மூணு மணி நேரம், வலது பக்க ஜன்னல் சீட் போட்டுக் குடுங்க. ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடி ரயில் 1857ல கட்டின உயரமான வயாடக்ட் மேல ஏறும், மொத்த ஊரும் கீழ தெரியும், அதுக்கு மேல கதீட்ரல். எத்தனையோ தடவை பாத்தாலும் நான் கையில இருக்கற போனை வச்சுட்டு அந்தப் பக்கம்தான் பாப்பேன். ஸ்டேஷனும் ஒரு மேட்டு மேலதான், பெட்டியோட கீழ இறங்கி மறுபடி கல் பாவின தெருவுல ஏற முழங்கால் வலிக்காரங்களால ஆகாது, டாக்ஸி எடுத்துடுங்க.

கதீட்ரலுக்கு ஒரு மணி நேரம்னு ஒதுக்காதீங்க, ஒரு முழுநாள் குடுங்க. உள்ள போக டிக்கெட் கிடையாது, காணிக்கை போட்டாப் போதும். 1093ல அஸ்திவாரம் போட்டு சுமார் 40 வருஷத்துல பெரும்பகுதியை முடிச்சிருக்காங்க, அதனாலதான் மொத்தமும் ஒரே கைபட்டது போல இருக்கு. உள்ள நின்னதும் முதல்ல தூணைப் பாருங்க, 6.6 மீட்டர் சுற்றளவு, 6.6 மீட்டர் உயரம், ஒண்ணுல வளைஞ்சு வளைஞ்சு கோடு, ஒண்ணுல வைரக்கட்டம், கல்லுல செதுக்கினது. அப்புறம் தலையைத் தூக்கி கூரையைப் பாக்கணும். கல் விலா எலும்பு போல ஒண்ணுக்கொண்ணு குறுக்கா வளைஞ்சு கூரையோட பாரத்தைத் தாங்குதே, அந்த முறையை இவ்ளோ பெரிய கட்டடத்துல முதல்ல செஞ்சு பாத்த இடங்கள்ல ஒண்ணு இது, அதுக்கப்புறம் ஐரோப்பா முழுக்க எழும்பின உயரமான கோத்திக் தேவாலயங்களுக்கு இங்கதான் வழி பிறந்துச்சு. 1986ல யுனெஸ்கோ கதீட்ரலையும் கோட்டையையும் சேத்து உலகப் பாரம்பரியப் பட்டியல்ல எடுத்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கட்டடமே ஒரு சந்நியாசிக்காக வந்தது. கத்பர்ட், 687ல இறந்தவர், லிண்டிஸ்ஃபார்ன் தீவுல அடக்கம் பண்ணாங்க. வைக்கிங் தாக்குதல் தாங்காம 875ல துறவிங்க அவர் உடம்பை சவப்பெட்டியோட தூக்கிட்டுக் கிளம்பி, ஊர் ஊரா அலைஞ்சு, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்ல நூறு வருஷத்துக்கு மேல இருந்து, 995ல இந்த மேட்டுக்கு வந்து சேந்தாங்க. ஆறு மூணு பக்கம் காவல் நிக்கற இடம், அவங்களுக்கு அதைவிட பத்திரமான இடம் எங்க கிடைக்கும். இப்ப பெரிய பலிபீடத்துக்குப் பின்னாடி தரைல ஒரு கல்லு, அவர் பேரு மட்டும் வெட்டியிருக்கும், முன்னாடி இருந்த பொன்னும் மணியும் 1530கள்ல எட்டாம் ஹென்றி ஆட்சில பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. அவரைத் தூக்கிட்டு வந்த அந்த மரச் சவப்பெட்டியோட துண்டுகள் பக்கத்து மியூசியத்துல, துறவிங்களோட பழைய சமையற்கட்டுல இருக்கு, அதுக்கு டிக்கெட் உண்டு, கண்டிப்பாப் போங்க. மேற்குக் கோடில கலிலி சேப்பல்ல பீட் அடிகளோட கல்லறை, இங்கிலாந்தோட ஆதி வரலாறை 731ல எழுதி முடிச்சவர். அங்கிருந்து வெளில வரும்போது தரைல ஒரு கறுப்புக் கல் கோடு தெரியும், அந்தக் கோட்டைத் தாண்டி பெண்கள் வரக்கூடாதுன்னு துறவிங்க காலத்துல கட்டுப்பாடு. உங்கம்மாவையும் பொண்ணையும் அதைத் தாண்டி நடந்து போகச் சொல்லுங்க.

இன்னொரு விஷயம் பலர் தெரிஞ்சுக்காமலேயே வந்துடறாங்க. 1650ல டன்பார் போர்ல பிடிச்ச ஸ்காட்லாந்துச் சிப்பாய்ங்க சுமார் 3,000 பேரை இந்தக் கதீட்ரலுக்குள்ளயும் கோட்டைலயும்தான் அடைச்சு வச்சாங்க, பசியிலயும் நோயிலயும் ஆயிரத்துக்கு மேல செத்தாங்க, எங்க புதைச்சாங்கன்னே 350 வருஷத்துக்கு மேல தெரியாம இருந்துச்சு. 2013ல கதீட்ரலுக்கும் கோட்டைக்கும் நடுவுல இருக்கற பேலஸ் கிரீன் புல்வெளி பக்கத்துல கட்டட வேலைக்குத் தோண்டும்போது எலும்புங்க கிடைச்சு, யுனிவர்சிட்டி ஆராய்ச்சி பண்ணி அவங்கதான்னு உறுதிப்படுத்தி, 2018ல மரியாதையோட மறுபடி அடக்கம் பண்ணாங்க. அழகு பாக்கப் போற இடத்துல இதையும் நினைச்சுக்கணும்னு எனக்குத் தோணும்.

கோபுரத்துல 325 படி, குறுகலான சுழல் படிக்கட்டு, அப்பா அம்மாவுக்கு வேணாம், நீங்க மட்டும் ஏறுங்க. அவங்களை சாயங்காலம் ஈவன்சாங்குக்குக் கூட்டிட்டுப் போங்க, கோயர் பாடற வழிபாடு, காசு கிடையாது, யார் வேணா உக்காரலாம், எந்த மதம்னு யாரும் கேக்க மாட்டாங்க. வாரநாள்ல பெரும்பாலும் அஞ்சரை வாக்குல இருக்கும், அன்னிக்கு நேரத்தை கதீட்ரல் வெப்சைட்ல பாத்துக்கோங்க.

கோட்டை 1072ல ஆரம்பிச்சது, 1837லேர்ந்து அது ஒரு காலேஜ், இன்னிக்கும் மாணவர்கள் அங்கதான் தங்கறாங்க, அதனால நினைச்ச நேரத்துல நுழைய முடியாது, கைடோட டூர் முன்கூட்டியே புக் பண்ணணும். தங்கறதுக்கு ஒரு வழி சொல்றேன்: யுனிவர்சிட்டி லீவுல காலேஜ் ரூம்களை வெளியாளுங்களுக்கு வாடகைக்கு விடறாங்க, கோட்டைலயே கூட. உங்க வீட்ல இடம் பத்தலைன்னா இது ஹோட்டலைவிட நல்லது. பட்டமளிப்பு நடக்கற நாட்கள்ல மட்டும் ஊர்ல ரூமே கிடைக்காது, தேதி பாத்து டிக்கெட் போடுங்க.

நடக்க முடிஞ்சவங்களுக்கு ஆத்தங்கரைப் பாதை. ஃப்ராம்வெல்கேட் பாலத்துக்கிட்ட இறங்கி, அணை, பழைய மில், பிரெபெண்ட்ஸ் பாலம், அப்படியே சுத்தி எல்வெட் வரைக்கும் மெதுவா நடந்தா ஒரு மணி நேரம். அக்டோபர் கடைசில அந்த மரங்களோட நிறத்துக்காகவே போகலாம். வழில தலைக்கு மேல கிங்ஸ்கேட்னு ஒரு மெல்லிசான கான்கிரீட் நடைபாலம், ஓவ் அரூப் வடிவமைச்சது, 1963ல ரெண்டு பாதியை ரெண்டு கரைல தனித்தனியாக் கட்டி அப்படியே திருப்பி நடுவுல சேத்தாங்க, உங்க கணவர் இன்ஜினியர்னா அங்கேர்ந்து நகர மாட்டார். மழை பெஞ்ச மறுநாள் கரைப் பாதை சேறு, வழுக்கும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. அவங்களுக்கு ஸ்டேஷன் பக்கத்துல வார்ட்டன் பார்க் போதும், பெஞ்சுல உக்காந்து கதீட்ரலை நேரெதிர்ல பாக்கலாம்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கறதைச் சொல்றேன். யுனிவர்சிட்டிக்கு வர்ற நம்ம ஆளுங்க நிறைய பேர் கதீட்ரல், காலேஜ், கடை இந்த மூணுக்குள்ளயே வருஷக்கணக்கா இருந்துட்டுத் திரும்பிடறாங்க. உங்க பக்கத்து வீட்டுக்காரரோட அப்பாவும் தாத்தாவும் நிலக்கரிச் சுரங்கத்துல இறங்கினவங்களா இருப்பாங்க, அந்தச் சுரங்க வட்டாரத்தோட கடைசிச் சுரங்கம் 1993 டிசம்பர்ல மூடினாங்க, அது தெரியாம அந்த ஊர் மனுஷங்களைப் புரிஞ்சுக்க முடியாது. ஜூலை ரெண்டாவது சனிக்கிழமை மைனர்ஸ் காலான்னு சுரங்கத் தொழிலாளர் திருவிழா நடக்கும், 1871லேர்ந்து நடக்குது. ஒவ்வொரு கிராமமும் தன் சுரங்கத்தோட பெரிய பட்டு பேனரைத் தூக்கிட்டு, முன்னாடி பித்தளை பேண்ட் வாசிக்க, எல்வெட் தெரு வழியா ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு நடந்து போவாங்க. சுரங்கம் போயிடுச்சு, பேனரை விடல. மத்தியானம் சில பேனர்களை கதீட்ரலுக்குள்ளயே பேண்ட் வாத்தியத்தோட கொண்டு போவாங்க. அப்பா அம்மா ஜூலைல இருந்தா இந்த ஒரு நாளைத் தவற விடாதீங்க, காலைல எட்டு மணிக்குள்ள எல்வெட்ல இடம் பிடிச்சிடுங்க, அன்னிக்கு நடு ஊர்ல கார், பஸ் ஓடாது. பொண்ணுக்கு இதெல்லாம் கண்ணால புரியணும்னா பீமிஷ் திறந்தவெளி மியூசியம் இருக்கு, 1900கள் காலத்துச் சுரங்க கிராமம், பழைய ட்ராம் எல்லாம் பாக்கலாம். ஒரு தடவை வாங்கின டிக்கெட்ல வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போகலாம், அதனால போன முதல் மாசமே வாங்கிடுங்க.

நேரம் இருந்தா லிண்டிஸ்ஃபார்னுக்கும் ஒரு நாள் போங்க, கத்பர்ட் கதை ஆரம்பிச்ச இடம், காருல ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். தீவுக்குப் போற ரோடு தினம் ரெண்டு தடவை கடலுக்கு அடியில போயிடும், நார்தம்பர்லாந்து கவுன்ட்டி கவுன்சில் போடற பாதுகாப்பான நேர அட்டவணையைப் பாக்காம டயரை அந்த ரோட்ல வைக்காதீங்க, வருஷா வருஷம் கார் மூழ்கி ஆளுங்களைத் தூக்கிட்டு வர்றாங்க. இப்போதைக்கு செப்டம்பர்ல போறீங்கன்னா இதெல்லாம் அப்புறம், முதல்ல ஸ்கூல் சீட்டுக்கு போன் பண்ணுங்க, அது எந்தப் பக்கம் கிடைக்குதுன்னு தெரிஞ்சதும் அந்தப் பக்கம் வீடு தேடுங்க.